நாய் குரைத்த தீவு

"நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ."

பாதுஷா மடிக்கணினியைத் தட்டினான். திரையில் விக்ரம் மறுபடியும் சிரித்தான். தலையில் ஓலைத் தொப்பி, பூப்போட்ட சட்டை, கையில் இளநீர். முதுகுக்குப் பின்னால் நீலமாக அலையடித்தது.

"வணக்கம் மக்களே! மாலத்தீவுல இருந்து உங்க விக்ரம். தீவுக்கு வர்றவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள் இன்னைக்கு..."

அப்போது அது கேட்டது. லொள்.

"இன்னொரு தடவை போடு."

லொள்.

"அக்கா, மூணாவது தடவை போட்டாலும் அது லொள்ளுன்னுதான் சொல்லும். மாத்தி மாத்திப் பேச அது என்ன எலெக்சன்லயா நிக்குது?"

இசைவாணி சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாலத்தீவுல நாய் கிடையாது, பாதுஷா."

"கிடையாதுன்னா? ஒண்ணுகூடவா?"

"போலீஸ் வச்சிருக்கிற மோப்ப நாயைத் தவிர. யாரும் வளர்க்கக் கூடாது, கொண்டுபோகவும் கூடாது. அந்த ஊருச் சட்டம்."

"நம்ம தெருவுல யார்ட்டயும் சொல்லிறாதீக. நாய்க பாவம், மனசு ஒடைஞ்சு போகும்."

கே.கே. நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது இசைவாணியின் துப்பறியும் அலுவலகம். கீழே டாக்டர் பல்லைக் குடையும் சத்தம் இங்கே மேசை வரைக்கும் அதிரும். இந்தத் தொழிலுக்கு வருமுன் பல வருடம் ஒரு பயண ஏஜென்சியில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். எந்த நாட்டுக்குள் எதைக் கொண்டுபோகலாம், எதைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டும் என்பதெல்லாம் விரல் நுனியில். அவளுடைய உதவியாளன் பாதுஷாவின் விரல் நுனியில் பெரும்பாலும் சமோசா மாவு.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெயர் சைனப். கீழவாசல் பக்கம் பெட்டிக்கடை நடத்துகிறாள். பெட்டிக்கடை என்றால் வெற்றிலை பாக்கு அல்ல. சூட்கேஸ், தோள்பை, குடை. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அப்துல் ரசாக் வைத்த கடை. அத்தா இப்போது இல்லை.

"எனக்கு நாயெல்லாம் தெரியாதுக்கா," என்றாள் சைனப். "இவன் வீடியோவைப் பார்த்துத்தான் என் தம்பி சிராஜ் போனான். ரிசார்ட்ல வேலை, டூரிஸ்டா இறங்கு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்னான். பணத்தை வாங்கிக்கிட்டு ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் எல்லாம் இவனே அனுப்புனான். எல்லாமே போன்லதான், ஆளை நேர்ல பார்த்ததே இல்ல. தம்பி அங்க போய் இறங்குன அன்னைக்கே இவன் ரெண்டையும் கேன்சல் பண்ணிட்டான். கூப்பிட ஒரு ஆள் வரலை. மீன் காயப்போடுற எடத்துல திருட்டுத்தனமா வேலை பார்த்து, செக்கிங்ல மாட்டி, உள்ள வச்சுட்டாக."

அவள் கைப்பை ஜிப்பைப் பிடித்து இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். ஜிப்பின் நாக்கில் ஒரு பச்சை நூல் கட்டியிருந்தது.

"அவன் உள்ள இருக்கும்போது அத்தா மௌத்தாயிட்டாக. புள்ளை வந்து கபர்ல மூணு கைப்பிடி மண்ணு போடணும். அதுக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில ஜமாத்து ஆளுக போட்டாக. தம்பியைத் திருப்பி அனுப்புனப்ப அந்த எடத்துல புல்லு முளைச்சிருந்துச்சு."

கீழே டாக்டர் யாருக்கோ பல்லைக் குடைந்தார்.

"சிராஜ் இப்ப எங்க?" என்றாள் இசைவாணி.

"திருப்பூர்ல. பனியன் கம்பெனியில. வாரத்துக்கு ஒரு தடவை பேசுவான், அதுவும் ரெண்டு வார்த்தை." சைனப் நிமிர்ந்தாள். "ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி சார் என்ன சொன்னாரு தெரியுமா? ஆள் வெளிநாட்டுல இருக்கான்ம்மா, நான் என்ன நீந்திப் போயா பிடிக்க? என் கண்ணு முன்னாடி கொண்டாந்து நிறுத்து, அடுத்த நிமிஷம் உள்ள தள்றேன்னாரு. அவனுக்கு அந்தத் தீவுதான் கோட்டை. அதுக்குள்ள உக்காந்துகிட்டு இன்னும் பசங்களைப் பிடிக்கிறான். அவனை எனக்குப் பிடிச்சுக் குடுங்கக்கா. போலீஸுக்கு அப்பறம். முதல்ல எனக்கு."

பாதுஷா எழுந்து ஒரு தம்ளர் தண்ணீரை அவள் முன்னால் வைத்தான்.

இசைவாணி கைப்பையில் இருந்த அந்த நூலைச் சுட்டிக்காட்டினாள். "இது என்ன?"

"இதுவா? அத்தா பழக்கம். எங்க கடையில விக்கிற எல்லாப் பெட்டியிலயும் ஜிப்புல பச்சை நூல் கட்டித்தான் குடுப்பாக. ஏர்போர்ட்ல பெட்டி மாறிறக் கூடாதுன்னு. அத்தா ஏர்போர்ட்டையே பார்த்ததில்ல."

இசைவாணி திரைக்குத் திரும்பினாள்.

"நேத்து நீ போன் பண்ணதும் இந்த ஆளோட பழைய வீடியோவெல்லாம் பார்த்தேன். ஒரு தப்பு கிடையாது. எங்கயோ படிச்சதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சிருக்கான். கொஞ்ச நாளாத்தான் தப்பு வருது. வெள்ளிக்கிழமை காலையில ஊர்ப் படகைப் பிடிங்கன்றான். அங்க வெள்ளிக்கிழமை பொது படகு ஓடாது. கரையில கிடக்கிற சங்கு, பவளத்தை ஞாபகத்துக்கு அள்ளிட்டு வாங்கன்றான். அள்ளுனா ஏர்போர்ட்லயே பிடிப்பான். ஹோட்டல் ரூம்னு காட்டுறான், செவுத்துல நம்மூரு உருண்டை ஓட்டை ப்ளக்கு. அங்க இருக்கிறது பட்டையா மூணு கம்பி. இப்ப நாய்."

"பொய்யி முத்திப்போய் மூளைக்கு ஏறிருச்சு போல."

"இல்ல. தெரியாதவன் தப்பு பண்ணா, அது நெல்லு சிந்துன மாதிரி அங்கங்க சிதறிக் கிடக்கும். இது ஒவ்வொண்ணும், அந்த ஊருக்குப் போய் அடிபட்டவனுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். அதைத் தேடி எடுத்து, தலைகீழாத் திருப்பி இவன் வாயில வச்சிருக்காங்க. விக்ரம் பக்கத்துல யாரோ இருக்கான், பாதுஷா. சோத்துல தெரிஞ்சே கல்லு போடுறான்."

"கல்லு நல்லாவே கடிபடுது. கீழ கமெண்டைப் பாருங்க. 'அண்ணே, நாய்க்கு எந்த ஏஜென்ட் விசா எடுத்தாரு?' 'கடலைக் காட்டி லைவ் வாங்கண்ணே'. அம்புட்டுப் பேரும் வச்சுச் செய்யிறாய்ங்க."

"கடலைக் கொஞ்சம் நல்லாப் பாரு. அலை கரைக்கு வருதா?"

பாதுஷா மூக்கைத் திரையில் ஒட்டினான். "வரல. நின்ன எடத்துலயே படபடங்குது. அடப்பாவி! தார்ப்பாய்!"

"நெல்லு காயப்போடுற நீலத் தார்ப்பாய். சத்தத்தைக் கூட்டு."

காற்றுச் சத்தத்துக்கு அடியில் தூரமாக ஒரு அகவல். மயில்.

"மாலத்தீவுக்கு முருகன் டூர் போயிருக்காரு," என்றான் பாதுஷா.

ஆனால் இசைவாணியின் பார்வை இப்போது விக்ரமுக்கு இடப்பக்கம் நின்ற தென்னையில் இருந்தது. தூரில் ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் வெள்ளையில் சூலம். அவளுக்கு இது பழக்கமான எழுத்து. ஒரே தோப்பை நான்கு பேர் குத்தகைக்கு எடுத்தால், இன்னார் மரம் இது என்று ஆளுக்கொரு குறி போடுவார்கள். அவளுடைய அப்பா கூலிக்கு மரம் ஏறியவர். ஒரு முறை குறி மாறி ஏறிவிட்டார் என்று அந்த மரத்திலேயே அவரைக் கட்டிவைத்தார்கள். அவிழ்த்துவிட்டவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் குறி கீழ்நோக்கிய அம்பு. கட்டியவன் முகம் இப்போது மறந்துவிட்டது, அம்பு மறக்கவில்லை.

படம் ஒரு தேங்காய் மண்டிக்காரரின் போனுக்குப் போனது. டீ ஆறுவதற்குள் பதில் வந்தது: சூலம் சமயநல்லூர் கண்ணுச்சாமி.

* * *

சமயநல்லூர் ரோட்டோரக் கொட்டகையில் தேங்காய் மலைக்கு நடுவே கண்ணுச்சாமி உட்கார்ந்திருந்தார். மலையில் எது கண்ணுச்சாமி என்று கண்டுபிடிக்க பாதுஷாவுக்குச் சற்று நேரமானது.

"என் குறிதான் தாயி. அதுல என்ன கேஸு? எவனும் மரத்தை வெட்டிட்டானா?"

"மரத்தடியில சினிமா எடுக்கிறாங்களே, அந்தத் தோப்பு எங்க இருக்கு?"

"ஓ, அந்தத் தொப்பிக்காரனா? ஆத்தோரம் வாய்க்கா தாண்டி. தோப்புக்காரர்ட்ட வாடகை பேசி உள்ள வந்தான். வெயில் தாழ என் ஆளுக காய் இறக்கப் போனா, சத்தம் போடாத, ரெக்கார்டிங்கு ஓடுதுன்றான். ஏய், தேங்கா விழுந்தா சத்தம் வரத்தாண்டா செய்யும், தேங்காய்க்குத் தெரியுமா உன் ரெக்கார்டிங்கு?"

"தலையில விழுந்திருந்தா எங்க வேலை மிச்சம்," என்றான் பாதுஷா.

"விழ விடுறதில்லையே! ஒரு பய கூடவே இருக்கான், நல்ல பய. ஓரமா நில்லுங்க, ஓரமா நில்லுங்கன்னு அவனைத் தள்ளிவிட்டுக்கிட்டே இருப்பான். அப்படிப் பாத்துக்கிறான் மொதலாளியை. ஒரு நாய்க்கும் சோறு வைப்பான். படம் எடுக்கையில மட்டும் அதைக் கரெக்டாக் கூட்டியாருவான்."

இசைவாணியின் கை கார்ச் சாவியில் நின்றது. "அந்தப் பையன் பேரு?"

"ரசாக்கு. வெளிநாட்டுல வேலை பார்த்த பயலாம். பேச்சே கிடையாது."

வண்டியில் ஏறியதும் பாதுஷா கேட்டான்: "என்னக்கா, மொகம் மாறிருச்சு?"

"சைனப்போட அத்தா பேரு என்ன?"

"அப்துல் ரசாக்..." என்ற பாதுஷா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். "தோப்புக்கு விடுங்கக்கா!"

* * *

தோப்புக்குள் தீவு இருந்தது. நாலு டிராக்டர் ஆற்றுமணல் கொட்டிய கடற்கரை, கயிற்றில் கட்டிய நீலக் கடல், காற்றடிக்க ஒரு ஸ்டாண்டு ஃபேன். தகரக் கொட்டகை ஒன்றின் ஒற்றைச் சுவரில் வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஐந்து நட்சத்திர ஹோட்டல். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த செவலை நாய் எழுந்து, முறைப்படி இரண்டு முறை குரைத்து, வாலை ஆட்டியது.

"வணக்கம்ணே," என்றான் பாதுஷா அதனிடம். "உங்க வீடியோவெல்லாம் விடாமப் பாக்குறேன்."

விக்ரம் இல்லை. இசைவாணி குனிந்தாள். கட்டிலோரம் மண்ணில் துண்டு துண்டாகப் பச்சை நூல். யாரோ நூலை வெட்டி எதிலோ கட்டியிருக்கிறார்கள்.

"அத்தா ரெட்டை முடிச்சுத்தான் போடுவாக," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு அது வரலை. நாலஞ்சு தடவை அத்துட்டேன்."

ஒல்லியான பையன். சைனப்பின் அதே நெற்றி. கையில் நாய்க்கான சோற்றுத் தட்டு.

"சிராஜ்," என்றாள் இசைவாணி.

அவன் மறுக்கவில்லை. தட்டை நாயின் முன் வைத்துவிட்டு நிமிர்ந்தான். "அக்கா அனுப்புச்சா? நான் திருப்பூர்ல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருக்கும்."

"எப்படிடா இவனைக் கண்டுபிடிச்ச?" என்றான் பாதுஷா.

"வேலைக்கு ஆள் வேணும், தீவுல இருந்த அனுபவம் வேணும்னு விளம்பரம் போட்டிருந்தான், நான் அழுது அழுது கூப்பிட்ட அதே நம்பர்ல. எனக்குத்தான் அனுபவம் நெறைய இருக்கே." சிரிப்பே இல்லாமல் சொன்னான். "என் மொகம் அவனுக்குத் தெரியாது. என் குரலும் ஞாபகம் இல்ல. எம்புட்டுப் பேர் குரலை ஞாபகம் வச்சுக்குவான்? அத்தா பேரைச் சொல்லிச் சேர்ந்தேன். தெனமும் அவன் வாயால அந்தப் பேரைச் சொல்ல வச்சேன். ரசாக், தண்ணி கொண்டா. ரசாக், லைட்டைப் பிடி. ஒவ்வொரு தடவையும் வாரேண்ணே, வாரேண்ணேன்னுட்டு, உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"தப்பெல்லாம் நீ வச்சதுதானே?"

"நான் என்ன சொன்னாலும் அப்படியே பேசுவான். ஜனங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க. கடலைக் காட்டு, கடலைக் காட்டுன்னு கேட்டாங்க. நாலே நாள் நெசமாப் போய் லைவ் போட்டுட்டு வந்துட்டா எல்லார் வாயும் அடைச்சிரும்ணேன்னு நான்தான் சொன்னேன். இன்னைக்குச் சாயந்திர ப்ளைட்டு. கொழும்பு போய் அங்க இருந்து மாலே. வாழ்க்கையில மொத தடவையா ஏறப் போறான். டிக்கெட்டு, ஹோட்டல் எல்லாம் நான்தான் போட்டேன்." சற்று நிறுத்தினான். "பெட்டியும் நான்தான் கட்டுனேன். எங்க கடைப் பெட்டி."

அந்தத் தீவில் போதைப்பொருளோடு பிடிபட்டவன் கதி என்ன என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பையனுக்கும் தெரியும்.

"பெட்டியில என்ன வச்ச?"

சிராஜ் நாயின் முதுகைத் தடவினான்.

"சிராஜ். கஞ்சாவா?"

"அங்க கவுன்ட்டர்ல நிக்க வச்சு ஒரு பொருளைத் தூக்கிக் காட்டி, இது என்னன்னு கேப்பாங்கக்கா. நம்ம சொல்றது அவங்களுக்குப் புரியாது. கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அவனும் அப்படி நிக்கணும். போய்த் திறந்து பாருங்க, உங்களால முடிஞ்சா."

* * *

நாலு வழிச்சாலையில் கப்பலூரைப் பார்த்து கார் பறந்தது. இசைவாணி முதலில் உக்கிரபாண்டிக்குப் பேசினாள், அடுத்து சைனப்புக்கு.

விஷயத்தை எல்லாம் சைனப் கேட்டாள். பிறகு அடங்கிய குரலில் சொன்னாள்: "விட்ருங்கக்கா."

"என்னது?"

"போகட்டும். பெட்டியில என்ன இருந்தா என்ன? அங்கயே கிடந்து சாகட்டும். நீங்க லேட்டாப் போங்க. டயர் பஞ்சர்னு சொல்லுங்க."

இசைவாணியின் கால் ஒரு கணம் ஆக்ஸிலேட்டரில் தளர்ந்தது. ஏன் விடக் கூடாது? அப்பாவைக் கட்டிய அந்த மரம் கண்ணுக்குள் வந்தது. கட்டியவனை யாராவது இப்படி ஒரு பெட்டியோடு அனுப்பியிருந்தால் அவள் கையசைத்து வழியனுப்பியிருப்பாள்.

"சைனப், அங்க அவனைப் பிடிச்சா மொதக் கேள்வி, பெட்டியை யார் கட்டுனது? ரசாக்னுவான். விசாரிச்சு வந்தா சிராஜ். உன் தம்பி மறுபடி உள்ள போவான், இந்தத் தடவை நெசமான குத்தத்துக்கு. அந்த விக்ரம் ஏமாத்துனவன்ல இருந்து ஏமாந்தவனா மாறிருவான். ஊரே அவனுக்காக அழும். அது உனக்கு வேணுமா?"

மறுமுனையில் கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

"வாரேன்," என்றாள் சைனப்.

* * *

விமான நிலைய வாசலில் கூட்டம் அள்ளியது. வழியனுப்ப வந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் அழுதுகொண்டிருந்தார்கள். முகக்கவசம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி அணிந்தவர்கள் மட்டும் எத்தனையோ பேர்.

"மூஞ்சியே தெரியாம எப்படிக்கா பிடிக்க? ஒவ்வொருத்தனையா வணக்கம் மக்களேன்னு சொல்லச் சொல்லலாமா?"

"மூஞ்சியைப் பார்க்காத. ஜிப்பைப் பாரு."

மூன்றாவது தள்ளுவண்டியில் இருந்தது. சாம்பல் நிறப் பெட்டி, ஜிப்பில் பச்சை நூல், அசிங்கமான முடிச்சு.

பாதுஷா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, போனில் லைவைத் தட்டிவிட்டு, பாய்ந்தான். "அண்ணே! விக்ரம் அண்ணே! நம்ம தீவு விக்ரம் அண்ணனேதான்!"

"இல்லப்பா, நான் அவரில்ல."

"நடையிலயே தெரியுதுண்ணே! எங்க ஏரியாவே உங்க ரசிகருங்க. இவுக என் அக்கா, உங்க வீடியோ பார்த்துத்தான் டூர் போறாக. லைவ்ல ஆயிரக்கணக்குல பார்க்கிறாய்ங்கண்ணே, ஒரே ஒரு வணக்கம்!"

ஆயிரக்கணக்கு என்பது பொய். அப்போது பார்த்துக்கொண்டிருந்தது பாதுஷாவின் மச்சான் மட்டும். ஆனால் அந்த வார்த்தை வேலை செய்தது. முகக்கவசம் இறங்கியது. கண்ணாடி ஏறியது. சிரிப்பு வந்தது.

"வணக்கம் மக்களே! அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு நேத்துத்தான் ஊருக்கு வந்தேன். இதோ, நம்ம தீவுக்கே திரும்பிப் போறேன்."

"கொஞ்சம் சந்தேகம்ணே," என்றாள் இசைவாணி, பவ்யமாக. "போன் சார்ஜருக்குத் தனியா எதுவும் வாங்கணுமா?"

"எதுக்கும்மா? நம்ம ப்ளக்குதான், அப்படியே சொருகலாம்."

"வெள்ளிக்கிழமை இறங்குறோம். ஊர்ப் படகு இருக்குமா?"

"வெள்ளிக்கிழமைதான் நெறைய ஓடும்."

"பொறந்தநாளுக்கு ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போலாம்னு தம்பி சொல்றான்..."

"தாராளமா! நானே எடுத்துட்டுப் போறேன்ல."

"வீட்டுல நாய்க்குட்டி இருக்குண்ணே. விட்டுட்டுப் போக மனசில்ல."

"கூட்டிட்டு வாங்க! அங்க தெருவெல்லாம் நாய்தான். நாய்னா உயிரை விடுவாங்க."

பாதுஷாவின் போன் அதிரத் தொடங்கியது. மச்சான் பகிர்ந்துவிட்டிருந்தான். திரையின் அடியில் வரிகள் எறும்புச்சாரையாக ஏறின.

"அண்ணே," என்றான் பாதுஷா, "நீங்க சொன்ன நாலும் அங்க நடக்காதாம். ஜனங்க கேக்குறாய்ங்க. இம்புட்டு வருசமா நீங்க இருந்த தீவு எந்த ஆத்துல இருக்கு?"

விக்ரமின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று காய்ந்தது. தள்ளுவண்டியைத் திருப்பினான். திரும்பிய இடத்தில் உக்கிரபாண்டி நின்றிருந்தார், பக்கத்தில் சைனப்.

"பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி."

"சார், நான் வெளிநாட்டுல வசிக்கிறவன். ப்ளைட்டுக்கு..."

இன்ஸ்பெக்டர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். புதுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி மொறமொறவென்றிருந்தது. ஒரு முத்திரை இல்லை.

"வெளிநாடுன்னா எது? வைகையாத்துக்கு அந்தப் பக்கமா?" அவருடைய குரல் மாறியது. "இந்தப் பொண்ணு எத்தனை தடவை என் ஸ்டேஷன் படி ஏறுச்சு தெரியுமாடா? ஒவ்வொரு தடவையும் நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கன்னு சொல்லித் திருப்பி அனுப்புனேன். என்னையும்ல பொய்யனாக்கிட்ட! போனைக் குடு. எந்தெந்தப் பசங்களை அங்க கொண்டுபோய்த் தவிக்கவிட்டிருக்கன்னு பாப்போம். பெட்டியில என்ன?"

"துணிமணிதான் சார்! வேணும்னா திறந்து பாருங்க!"

இசைவாணி குறுக்கே வந்தாள். "சார், பெட்டி வேணாம், ஸ்டேஷன்ல போய்..." என்பதற்குள் விக்ரமே ஜிப்பை இழுத்துவிட்டான். பச்சை நூல் அவன் விரலில் சுற்றிக்கொண்டது.

சட்டைகள். இரண்டு பாட்டில். ஒரு பை நிறைய ராமேஸ்வரத்துச் சங்கு, தீவில் பொறுக்கியதாகக் காட்டுவதற்கு. எல்லாவற்றுக்கும் அடியில், வெள்ளைத் துணியில் இறுகக் கட்டிய ஒரு பொட்டலம்.

"இது... இது என்னோடது இல்ல சார்! சத்தியமா இல்ல! அந்த ரசாக் பயதான் கட்டுனான்!"

உக்கிரபாண்டி முடிச்சை அவிழ்த்தார். இசைவாணி சைனப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் விரலை விட்டுக் கிளறினார், முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"மண்ணு," என்றார். "வெறும் மண்ணுய்யா. இதை எதுக்குடா பொட்டலம் கட்டி வச்சிருக்க? சொல்லு. இது என்ன?"

விக்ரம் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"இது என்னன்னு கேக்குறேன்ல?"

"அதுக்கு அவனுக்குப் பதில் தெரியாது சார்."

கூட்டம் விலகியது. மொபெட்டை அப்படியே சாய்த்துவிட்டுச் சிராஜ் நடந்து வந்தான். வண்டியில் கூடவே உட்கார்ந்து வந்த செவலை நாய் பின்னாலேயே.

"ரசாக்! என்னடா இதெல்லாம்?" என்று கத்தினான் விக்ரம்.

"நான் ரசாக் இல்ல. ரசாக் எங்க அத்தா. நான் சிராஜ். மீன் காயப்போடுற எடத்துல இருந்து உனக்குப் போன் போட்டு அழுதேனே, நெட்வொர்க் சரியில்லன்னு கட் பண்ணியே, அந்தச் சிராஜ்." அவன் இன்ஸ்பெக்டர் கையிலிருந்த துணியைப் பார்த்தான். "கபர்ல கை வைக்கலை சார். பக்கத்துல கிடந்த மண்ணு. மூணு கைப்பிடி. எங்க அத்தாவுக்கு நான் போட முடியாமப் போனது. இவன் தன்னந்தனியா அந்தக் கவுன்ட்டர்ல நின்னு, இது என்னன்னு கேக்கக் கேக்க முழிக்கணும். அதுக்குத்தான் வச்சேன். வேற ஒண்ணும் வைக்கலை."

சைனப் இசைவாணியின் கையை விடுவித்துக்கொண்டு முன்னால் போனாள். விக்ரம் ஓரடி பின்வாங்கினான், பின்னால் நாய். அது குரைத்தது, தொழில்முறையாக.

"சார்," என்றாள் சைனப், "அதை அவன் கையால எடுத்து எந்தம்பிட்டக் குடுக்கச் சொல்லுங்க."

உக்கிரபாண்டி துணியை விக்ரமிடம் நீட்டினார். லைவ் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதை வாங்கி, சிராஜிடம் நீட்டும்போது விக்ரமின் பிடி நழுவி மண் கொஞ்சம் சிந்தியது. சிராஜ் குனிந்து சிந்தியதையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டான்.

போலீஸ் வண்டி கிளம்பியது. பின் கண்ணாடியில் விக்ரமின் தலை சிறிதாகிக்கொண்டே போனது. தம்பியின் தோளில் சைனப் கை வைத்திருந்தாள், அடிக்கப்போகிறவள் மாதிரியும் அணைக்கப்போகிறவள் மாதிரியும்.

"மனசு ஆறுச்சா?" என்றாள் இசைவாணி.

"இல்லக்கா. இது ஆறாது." சைனப் வண்டி மறைந்த திசையையே பார்த்தாள். "ஆனா இனிமே அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."